எச்ஆர், ஓபி துறைகளில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. முடிக்கும் மாணவர்களும், சில வருடம் கம்பெனியில் எச்ஆர் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிப் பக்கம் வர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மனிதவள மேலாண்மையும் (எச்ஆர்) நிறுவன நடத்தையியலும் (ஓபி) கற்பிக்கிறேன், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். விதிமுறைகள் அடிக்கடி மாறும். அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஓபி, எச்ஆர் இரண்டும் ஒரே துறைதானா?

ஒரே கூரையின் கீழ் இருக்கும், ஆனால் வந்த வழி வேறு. ஓபி எனப்படும் நிறுவன நடத்தையியல் உளவியலிலும் சமூகவியலிலும் இருந்து வந்தது. ஒருவர் ஏன் மனம் ஒன்றி வேலை செய்கிறார், ஒரு தவறு நடக்கும்போது மேலாளரிடம் சொல்ல ஏன் தயங்குகிறார் என்பதெல்லாம் அதன் கேள்விகள். எச்ஆர் என்பது ஆளெடுப்பு, சம்பளம், பயிற்சி, பணி மதிப்பீடு, தொழிற்சங்கம், தொழிலாளர் சட்டம் என்று விரியும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். பெங்களூரில் ஒரே பிரிவு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் இரண்டையும் எடுப்பார். அதனால் படிக்கும்போதே ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

எச்ஆர் பாடத்தை சமூகப்பணித் துறையும் நடத்துகிறது, மேலாண்மைத் துறையும் நடத்துகிறது. ஏன் இப்படி?

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. பதவி வந்ததும் அதற்குப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஜாம்ஷெட்பூரில் 1949இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் எல்லாம் இந்தத் துறையில் பழம்பெயர்களாக இருப்பதற்கு அந்தக் காலத் தேவையும் ஒரு காரணம். மேலாண்மைத் துறைகள் பிறகு வந்து அதே பாடத்தை நிர்வாகத்தின் பக்கமிருந்து சொல்லித்தந்தன.

சென்னைக்கு இதில் இன்னும் பழைய இடம் உண்டு. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அதைத்தான் பாடப்புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. பெரம்பூரில் உட்கார்ந்து எம்.பி.ஏ. படிக்கும் மாணவருக்கு இது தெரியாமலே தொழிலுறவு பாடம் முடிந்துவிடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நெட் தேர்வில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

நெட் என்பது கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. பாடத்தைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பலருக்கு வேலையே இதில்தான் சிக்குகிறது. பாட எண் 17 மேலாண்மை. பாட எண் 55 தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை, தொழிலுறவு, மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்தது. பாட எண் 10 சமூகப்பணி. எச்ஆர் படித்தவருக்கு 55 சுலபமாகத் தோன்றும். ஆனால் நீங்கள் வேலைக்குப் போக நினைப்பது மேலாண்மைத் துறையிலா, சமூகப்பணித் துறையிலா, தொழிலாளர் கல்வி நிறுவனத்திலா என்று முதலில் யோசியுங்கள். சில இடங்களில் எந்தப் பாட எண் ஏற்கப்படும் என்பதில் கடைசி நேரத்தில் தகராறு வரும். எம்.பி.ஏ. படித்து, பி.பி.ஏ. அல்லது எம்.பி.ஏ. துறையில் சேர விரும்பினால் 17 பாதுகாப்பானது. நிதி, சந்தைப்படுத்தல் எல்லாம் படிக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, படித்துவிடுங்கள்.

இரண்டு தாள்கள், மொத்தம் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

நெட் மட்டும் போதுமா, பி.எச்டி. கட்டாயமா?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2023இல் திருத்திய விதிப்படி உதவிப் பேராசிரியர் ஆக நெட், செட் போன்ற தகுதித் தேர்வு குறைந்தபட்சத் தகுதி. யு.ஜி.சி. விதிகளின்படி பி.எச்டி. முடித்தவருக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு. இணைப் பேராசிரியர் ஆக பி.எச்டி. வேண்டும். ஆக, நெட் மட்டும் இருந்தால் வேலையில் சேரலாம், ஆனால் மேலே போக முடியாது. எம்.பி.ஏ. நடத்தும் கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிகளும் உண்டு. அங்கே முதல் வகுப்பு முதுநிலைப் பட்டத்தோடு இரண்டு வருடப் பணி அனுபவமும் கேட்பார்கள்.

2024 முதல் நெட் மதிப்பெண்ணே பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர் நேர்காணலுக்குப் போகலாம். அது கிடைக்காமல் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை. அந்தத் தகுதி ஒரு வருடம்தான் செல்லும்.

பி.எச்டி. எங்கே செய்வது நல்லது?

முழுநேரமாக ஐந்து வருடம் ஒதுக்க முடிந்தால் ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. மெட்ராஸ் மேலாண்மைத் துறை, எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற இடங்களை முதலில் முயலுங்கள். முதல் ஓரிரு வருடம் பாடங்கள் உண்டு. கோட்பாடு, ஆய்வுமுறை, புள்ளியியல் எல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்து கற்கலாம். அதன் பிறகு ஒரு பெரிய தேர்வு, அப்புறம்தான் ஆய்வேடு. உதவித்தொகையும் உண்டு. ஐ.ஐ.எம். திருச்சி 2011 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. கேட், ஜிமேட், நெட் ஜே.ஆர்.எஃப். என்று சேர்க்கைக்குப் பல வழிகள் உண்டு.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த முதல் இரண்டு வருடப் பயிற்சி மெலிதாக இருக்கும். அங்கே நல்ல ஆய்வு நடப்பதில்லை என்று சொல்லவில்லை. சிறந்த ஆய்வேடுகளை அங்கேயும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நீங்களாகக் கற்க வேண்டியது அதிகம். பகுதிநேர பி.எச்டி. செய்பவர்களுக்கு இன்னும் அதிகம். காலையில் நான்கு வகுப்பு எடுத்து, மாலையில் கல்லூரித் தரமதிப்பீடான நாக் வேலைக்குக் கோப்பு தயாரித்து, இரவில் ஆய்வு என்றால் எத்தனை பேரால் முடியும்? பகுதிநேரம்தான் வழி என்றால், வாரத்தில் ஒரு முழு நாளை யாரும் தொடாதபடி காப்பாற்றுங்கள்.

கைடு தேர்வு செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

அவருடைய பதவியைப் பார்க்காதீர்கள். அவரிடம் முடித்த மாணவர்கள் இரண்டு பேரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். எழுதிக்கொடுத்த அத்தியாயத்தை எத்தனை வாரத்தில் படித்துத் திருப்பித் தந்தார், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சொந்த வேலைகள் வாங்கினாரா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது என்று நேராகவே கேளுங்கள். மழுப்பினால் அதுவும் பதில்தான்.

ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை. ஒரு நல்ல தலைப்பு சொல்ல முடியுமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், எனக்கு மிகவும் முக்கியமானதும் இதுதான்.

நம்மூர் நூலகங்களில் எச்ஆர் ஆய்வேடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரே தலைப்பு ஊர் மாறி ஊர் மாறி வரும். சென்னை ஐ.டி. ஊழியர்களின் பணித் திருப்தி. கோவை மருத்துவமனைச் செவிலியர்களின் மன அழுத்தம். மதுரை வங்கி ஊழியர்களின் வேலை–வாழ்க்கைச் சமநிலை. வெளிநாட்டில் உருவாக்கிய கேள்விப் பட்டியலை எடுத்து, கூகுள் ஃபார்மில் போட்டு, வாட்ஸாப்பில் அனுப்பி, வந்த விடைகளுக்கு ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்குப் போட்டால் ஐந்து அத்தியாயம் முடிந்துவிடும். பட்டமும் கிடைத்துவிடும். அந்த ஆய்வை முடித்தவர்கூட இரண்டு வருடம் கழித்து அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேர்மையாக உழைத்த பிள்ளைகளின் மூன்று நான்கு வருடம் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சுற்றிப் பாருங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இருக்கை வந்ததா? வந்திருந்தால் உட்காருகிறாரா? உட்காரத் தயங்கினால் யாருக்குப் பயந்து? பணியிடத்தில் பயமின்றிப் பேச முடிவது பற்றி ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்ஸன் 1999இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் கருத்து இந்தக் கடைக்குள் நிற்கிறதா, உடைகிறதா என்று பார்ப்பதே ஒரு ஆய்வு.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தை ஏற்பதுதான் அதில் முக்கியக் கோரிக்கை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதே வட்டாரத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. வேலையிடமும் தங்குமிடமும் ஒன்றாகும்போது மேற்பார்வையாளரின் அதிகாரம் எங்கே முடிகிறது? விடுதி வார்டன் என்பவர் எச்ஆரின் பகுதியா? இதையெல்லாம் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். நம் துறையிலிருந்து எழுதியவர்கள் மிகவும் குறைவு.

நாம் கேட்காவிட்டால் வேறு யாராவது வந்து கேட்பார்கள். பெங்களூரில் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில், சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த நேரத்தில், சில தொழிலாளர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டுப் பார்த்தார்கள். கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வேலையை விட்டார்கள். இது நூற்றுக்கு நூறு எச்ஆர் கேள்வி. செய்தவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் பொருளாதாரப் பேராசிரியர்கள். இதற்கும் முன்பே, 1953இல், லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லில் நெசவாளர்களைச் சிறு குழுக்களாக மாற்றி அமைத்து வேலை எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அதுவும் இன்றுவரை ஓபி பாடத்தில் இருக்கிறது.

ஆகவே தலைப்பு கேட்டால் நான் தருவதில்லை. உங்கள் வீட்டில், தெருவில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பேன். அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார், மாமா சிவகாசியில் அச்சகத்தில் இருக்கிறார், தம்பி ஸ்விக்கி ஓட்டுகிறான் என்று வரும். அவர்களோடு ஒரு மாதம் பேசுங்கள். கேட்ட கதைகளில் எது உங்களுக்குப் புரியவில்லையோ அங்கே ஆய்வு இருக்கிறது.

கம்பெனிக்குள் விடவே மாட்டேன் என்கிறார்களே?

விட மாட்டார்கள்தான். வாட்ச்மேன் தாண்டுவதே பெரும்பாடு. முன்னாள் மாணவர்கள் மூலம் போகலாம், தொழிற்சங்க அலுவலகம் மூலம் போகலாம், வேலைநேரம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசலாம். பேசுபவரின் பெயரும் அவர் வேலை செய்யும் லைனும் வெளியே தெரியாமல் காப்பது உங்கள் பொறுப்பு. அதில் ஒரு தளர்வும் கூடாது, அவர் வேலை போய்விடும்.

உள்ளே போகாமலே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொல்லியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு பேர் வேலையை விட்டார்கள், சங்கத்தில் எத்தனை பேர், பாலியல் தொல்லைப் புகார் எத்தனை, எல்லாம் அதில் இருக்கும். இலவசம். 2017-18 முதல் வரும் பி.எல்.எஃப்.எஸ். என்ற உழைப்பாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவும் அப்படித்தான். தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புகளும் பொதுவில் கிடைக்கும். ஒரு பணிநீக்க வழக்கின் தீர்ப்பைப் படித்தால் மேலாளர், சங்கம், வழக்கறிஞர் எல்லோரின் குரலும் அதில் இருக்கும்.

எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் இல்லாமல் செய்ய முடியுமா?

நேர்காணல், களத்தில் தங்கிப் பார்ப்பது போன்ற முறைகளில் சிறந்த ஆய்வு செய்யலாம். ஆனால் கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் போனால் அதையும் சரியாகச் செய்ய மாட்டீர்கள். நூறு பக்கப் பேச்சுப் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்து ஒழுங்குபடுத்துவது ரிக்ரெஷனைவிடக் கடினம். மற்றவர்கள் எழுதியதைப் படித்து எடைபோடும் அளவுக்காவது புள்ளியியல் தெரிய வேண்டும். ஆர், ஜமோவி இரண்டும் இலவச மென்பொருள்கள். காசு கொடுத்து அனாலிசிஸ் செய்து வாங்காதீர்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி போதும், மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, உங்கள் ஆய்வே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஜர்னலில் கட்டுரை போடப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, உடனே பணம் கட்டச் சொல்லும் இதழ் என்றால் விலகிவிடுங்கள். நல்ல இதழில் இரண்டு மூன்று பேர் படித்து, மாதக்கணக்கில் எடுத்து, பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அந்த மறுப்புக் கடிதத்தில் இருக்கும் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கும் பாடம். பி.எச்டி. சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. இருந்தாலும் பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. மேலாண்மைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.டி.சி. வெளியிடும் இதழ்த் தரப்பட்டியலைப் பார்க்கின்றன. இந்தியாவில் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் விகல்பா, தொழிலுறவுக்கென்றே 1965 முதல் வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் இரண்டையும் மாணவர்கள் படித்துப் பழக வேண்டும்.

பெரிய இதழ் என்றாலே உண்மை என்றும் நினைக்க வேண்டாம். படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012இல் வந்த புகழ்பெற்ற ஆய்வின் ஒரு பகுதித் தரவு போலியானது என்று 2021இல் மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கே இது நடந்தது. உங்கள் மூலத் தரவை யார் கேட்டாலும் காட்டும்படி வைத்திருங்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்.களில் முதல்நிலை உதவிப் பேராசிரியருக்கு 1,01,500 ரூபாய். ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. சுயநிதிக் கல்லூரிகளில் இதில் பாதிகூட இல்லாத இடங்கள் பல உண்டு. கௌரவ விரிவுரையாளர்களாகப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான ஊதியம் பற்றி வகுப்பில் பாடம் எடுப்பவருக்கே நியாயமான ஊதியம் இல்லை என்பது இந்தத் துறையின் பெரிய குறை. வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

35 வயதாகிவிட்டது, பத்து வருடம் எச்ஆர் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட்டுக்கு வயது வரம்பே இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர், வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தவர் வகுப்பில் நின்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் "எங்க கம்பெனியில இப்படித்தான்" என்பதே பதிலாகிவிடக் கூடாது. உங்கள் அனுபவத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் இரண்டு வருட வேலை.

வெளிநாட்டில் பி.எச்டி.?

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் ஓபி பி.எச்டி.க்குப் பொதுவாக ஐந்து வருடம், கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஆனால் ஒரு துறையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணோடு, ஆய்வு செய்யத் தெரியும் என்பதற்கான அடையாளமும் வேண்டும். ஏதாவது ஒரு பேராசிரியரிடம் ஒரு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு விண்ணப்பித்தால் நல்லது. பணம் கட்டிச் சேரும் பி.எச்டி.க்குப் போகாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் வருடம் பாடத்தை எப்படி எடுப்பது?

பழைய நோட்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. 500 தொழிலாளருக்கு நல அலுவலர் என்ற கணக்கு 250 ஆகிறது. ஆலையை மூட அரசு அனுமதி பெற வேண்டிய வரம்பு 100லிருந்து 300 ஆகியிருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதை மாணவர்களையே விவாதிக்க விடுங்கள். சட்டம் மட்டுமல்ல, ஆய்வு முடிவும் மாறுகிறது. ஆளெடுப்பில் பொது அறிவுத்திறன் சோதனை முன்வரிசையில் நிற்கும் என்று 1998இல் ஷ்மிட்டும் ஹன்டரும் தொகுத்ததைப் பல வருடம் சொல்லித்தந்தோம். 2022இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தியபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்கும் நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. பல பாடப்புத்தகங்களில் இன்னும் பழையதுதான் இருக்கிறது.

அப்புறம், முதல் செமஸ்டரிலேயே ஒரு தொழிலாளரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நிறுவனத்தின் எச்ஆர் மேலாளரை விருந்தினராக அழைப்பது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. அசெம்ப்ளி லைனில் நிற்பவரையோ சங்கச் செயலாளரையோ அழைப்பது அரிது. அவர் வந்த நாளுக்கான பேச்சாளர் ஊதியத்தை மேலாளருக்குக் கொடுக்கும் அதே தொகையாகக் கொடுக்கும்படி துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.